கோழிக்காக முழுகிய ஞாயிறு

1942ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. எழுந்தவுடன் செய்வனவற்றை அன்றும் வழக்கமான வரிசையிலேயே செய்தேன். முதலில் யுத்தகால இருட்டடிப்புக்காக ஜன்னல்களில் ஒட்டியிருந்த கறுப்புக் கடதாசிகளைப் பார்த்தேன். இரவுக் காற்றில் ஒரு மூலை பசை விட்டிருந்தது; அதை ஒட்டினேன். முன்கதவைத் திறந்து, விறாந்தையில் இருந்த சிவப்பு வாளியின் மணலைக் கையால் கிளறி, ஈரமில்லை என்று உறுதிசெய்தேன். குசினியில் அடுப்பை மூட்டித் தேநீர் போட்டுக் குடித்தேன். அதன் பிறகு ஒரு கையில் அரிசிக் குருணல் டின்னை எடுத்துக்கொண்டு, பின்புறம் போய்க் கோழிக்கூட்டைத் திறந்தேன்.

கூடு என்று நான் சொல்வது பழைய தேயிலைப் பெட்டி ஒன்றை. முன்பக்கத்தில் கம்பிவலை அடித்திருந்தேன். கோழி உள்ளே அசையாமல் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில், யுத்தத்தை முன்னிட்டு, அரசாங்கம் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளியிருந்தது. வெள்ளவத்தையில் எல்லோரும் புது நேரம், பழைய நேரம் என்று இரண்டையும் சொல்லிக் குழம்பிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக் கடிகாரங்கள் இரண்டையும் நான் முதல் நாளே மாற்றிவிட்டேன். கோழி மாறவில்லை. நான் புது நேரப்படி டின்னோடு போய் நின்றால், விடியுமுன் வந்து கதவைத் தட்டிய விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். தனக்கு நேரமானதும்தான் இறங்கி வரும். அன்றும் அப்படித்தான் வந்தது. நன்றாகக் கொத்தித் தின்றது. அதன் நடையிலோ கண்ணிலோ ஒரு வித்தியாசமும் இருக்கவில்லை. நான் எதையும் கவனித்துப் பார்க்கிறவன். ஆகவே இதை நிச்சயமாகச் சொல்கிறேன்.

அந்தக் கோழி என் வீட்டுக்கு வந்ததற்குக் காரணமும் யுத்தந்தான். ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தபின், எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டப்பட்டன. என் மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் நான் அடுத்த வாரமே யாழ்ப்பாணத்துக்கு, மனைவியின் தாய்வீட்டுக்கு, அனுப்பிவிட்டேன். எனக்குக் கோட்டையில் கந்தோர் உத்தியோகம். நாங்கள் இடத்தைவிட்டு அசையக்கூடாது என்று உத்தரவு. இடப்பக்கத்து வீட்டில் இருந்த பறங்கிக் குடும்பம் மலைநாட்டுக்குப் போனது. ஒரே நாளில் சாமான் கட்டி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோழியைப் பிடிக்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லைபோலும். அன்று மாலை நான் கந்தோரால் வந்தபோது அது என் விறாந்தையில் நின்றது. சாம்பல் நிறம், கழுத்தைச் சுற்றி மட்டும் வெள்ளைப் புள்ளிகள்.

நாங்கள் சைவம். எங்கள் வீட்டில் முட்டையும் ஏற்றுவதில்லை. கோழியை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அந்த நாட்களில் கடையில் எதுவும் கிடைக்காது. அடுத்த ஞாயிறுவரை அது உயிரோடு இருந்திராது. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். கந்தோரில் என் பக்கத்து மேசைக்காரர் கேள்விப்பட்டுச் சிரித்தார்.

"சைவக்காரன் வீட்டுக் கோழியோ? அது பென்ஷன் எடுத்துத்தான் சாகும் ஐசே!"

கோழி முட்டையிடுவதற்கு என் மணல் வாளியைத் தேர்ந்தெடுத்தது. தீக்குண்டு விழுந்தால் அணைப்பதற்கென்று எல்லா வீடுகளிலும் வைத்திருக்கச் சொன்ன வாளி அது. ஒருமுறை குண்டுவீச்சுப் பாதுகாப்பைப் பரிசோதிக்க வந்த வார்டன், வாளிக்குள் முட்டை கிடப்பதைக் கண்டு, "இது என்ன, எங்கட பக்கத்துக் குண்டா, அவங்கட பக்கத்துக் குண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த முட்டைகளை நான் வலப்பக்கத்து முஸ்லிம் வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். அவ்வீட்டுக்காரருக்குப் புறக்கோட்டையில் புடைவைக்கடை. கந்தோருக்குப் புறப்படுமுன் முட்டையை மதிலுக்கு மேலால் நீட்டினால், மறுபக்கத்திலிருந்து வளையல் போட்ட ஒரு கை வாங்கிக்கொள்ளும். அவருடைய மனைவியின் கை. முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. குரலையும், பிள்ளைகளைக் கூப்பிடும்போது கேட்டிருக்கிறேனே தவிர, என்னோடு அவர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

என்னோடு கதைக்க அந்த ஒழுங்கையில் வேறு யாரும் இருக்கவுமில்லை. கந்தோரில் கதை உண்டு. அது கந்தோர்க் கதை. ஐந்து மணி ரயிலில் வந்து இறங்கி, கடற்காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து, படலையைத் திறந்தால் கோழி படலைக்கு உள்ளே நிற்கும். நான் உடுப்பு மாற்றிச் சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்தால், அது கதிரையின் கீழ்ச்சட்டத்தில் ஏறிக்கொள்ளும். நான் கோழியோடு பேசுகிற ஆள் இல்லை. ஆனால் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கியிருந்தேன். யாழ்ப்பாணத்துக்கு எழுதிய கடிதங்களில் இதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு காலை, கோழிக்குத் தீன் போட்டபின், குளித்து, காலி வீதிச் சந்தைக்குப் போனேன். கத்தரிக்காயும் இரண்டு வாழைக்காயும் கிடைத்தன. திரும்பி வந்து குசினிக் கதவைத் திறந்தபோது, கறிவேப்பிலை மரத்தடியில் கோழி படுத்திருந்தது. மண் குளிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கழுத்து ஒரு பக்கமாகக் கிடந்தது. ஒரு கோழி அப்படிக் கழுத்தை வைத்துக்கொள்ளாது.

பையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்த் தூக்கினேன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. இறகுகளை விலக்கி விலக்கிப் பார்த்தேன், கடித்த காயமில்லை. வாயில் நுரையில்லை. தீன்பை இறுகியிருக்கவில்லை. பாம்பு தீண்டினால் வீக்கம் இருக்கும்; அதுவும் இல்லை. காரணம் தெரியாத எந்தக் காரியமும் எனக்குத் தொந்தரவு. கணக்கில் ஒரு சதம் இடித்தாலும் கண்டுபிடிக்கும்வரை எழும்பமாட்டேன். மரத்தடியில் குந்தியிருந்து நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்றுவரை அது ஏன் செத்தது என்று எனக்குத் தெரியாது.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வேறொன்றுமில்லை, "கோழி செத்துப்போச்சு" என்று ஒரு ஆளிடம் சொன்னால் போதும். இடப்பக்கத்து வீடு பூட்டியிருந்தது. வலப்பக்கத்து வீட்டார் காலையிலேயே கொட்டாஞ்சேனையில் தங்கள் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் இருந்தார், எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர். அவரிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பத்தேழு வயது மனிதன், அரசாங்க உத்தியோகத்தன், ஒழுங்கையைக் கடந்து போய்க் கோழி செத்த சங்கதி சொல்வதா?

அடுப்பு மூட்ட மனம் வரவில்லை. கத்தரிக்காய் பைக்குள்ளேயே கிடந்தது. குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டுவதற்கென்று வாங்கிய மண்வெட்டி என்னிடம் இருந்தது. பங்கர் முழுக்க மழைத்தண்ணீர். அதன் பக்கம் போகாமல், கறிவேப்பிலை மரத்தடியிலேயே குழி வெட்டினேன். வேர்கள் குறுக்கிட்டதால் நேரம் எடுத்தது. தோய்த்து மடித்து வைத்திருந்த பழைய வேட்டி ஒன்றில் ஒரு துண்டைக் கிழித்துக் கோழியைச் சுற்றி வைத்தேன். மண்ணைத் தள்ளி மட்டப்படுத்தினேன். பிறகு கிணற்றடிக்குப் போனேன். உடுத்த வேட்டியோடு நின்று, வாளி வாளியாக அள்ளித் தலையில் வார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், உடம்பெல்லாம் மண்ணாக இருந்தது என்றுதான் சொல்லலாம். மண் போகக் காலைக் கழுவினால் போதுமாயிருந்திருக்கும். எங்கள் கிணறு வீட்டுக்குப் பக்கவாட்டில், படலையில் நிற்பவருக்குத் தெரியும் இடத்தில் இருந்தது. ஒழுங்கையில் யாராவது நிற்கிறார்களா என்று நான் பார்க்கவில்லை.

மாலையில், வெளிச்சம் இருக்கும்போதே, ஸ்டேஷன் மாஸ்டர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமையில் கறுப்புக் கோட்டு. கையில் குடை. நான் விறாந்தைப் படியில் மேல்சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தேன். எழும்பப் போனேன். அவர் என் தோளில் கைவைத்து இருத்தினார். கதிரையில் உட்கார்ந்து குடையை முழங்காலில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வலப்பக்கத்து வீட்டுப் புடைவைக்கடை நானா, தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒழுங்கைத் தலைப்புக் கடைச் சிங்கள முதலாளி, தன் கடை வாங்குப் பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தை ஓரத்தில் போட்டார். "கனகாட்டுய், மஹத்தயா" என்று தலையை ஆட்டினார். தன் துக்கத்தைச் சொல்கிறார் என்று விளங்கியது.

கோழி செத்தது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. ஒழுங்கையில் யாரோ படலைக்கு மேலால் பார்த்திருப்பார்கள். மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், சாவு நடந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல. அந்த வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் கதிரையில் உட்கார்ந்திருந்து மூன்று மாதத்துக்கு மேலாகியிருந்தது. இந்த மனிதர்களை நான் இவ்வளவு காலமும் தப்பாக மதித்துவிட்டேனே என்று நினைத்தேன்.

"தம்பி, மனதைத் தளரவிடக்கூடாது," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"ஓம் அண்ணை."

"எல்லாருக்கும் ஒரு நாளைக்கு உள்ளதுதான்."

"ஓம்."

நானா தொண்டையைச் செருமினார். "நல்ல சீவன். இவ்வளவு காலமா பக்கத்துல ஈக்கிறோம், ஒரு சத்தம் கேட்டதில்ல."

முட்டையிடுகிற நேரம் தவிர என்று சொல்ல வாயெடுத்தேன். அது அந்த நேரத்துக்கு முக்கியமில்லை என்று விட்டுவிட்டேன்.

"திடீரெண்டோ?" என்று மெல்லக் கேட்டார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"திடீரெண்டுதான் அண்ணை. ஒரு வருத்தமும் இருக்கேல்லை."

அவர் 'ச்சு' கொட்டினார். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து என் கையில் வைத்தார். "இண்டைக்கு ராத்திரி மெயிலிலை ஒரு சீற்று சொல்லி வைச்சிருக்கிறன். இப்ப எல்லாம் பட்டாளத்துக்காரர்தானே ஏறுறாங்கள், லேசிலை கிடையாது. நேரத்தோடை கோட்டைக்குப் போய், இந்தத் துண்டைக் குடும். ஏத்திவிடுவாங்கள்."

"நான் எங்கை அண்ணை போறது?"

"எங்கை போறதோ? வீட்டை போகவேண்டாமே? எடுக்க முன்னம் போய் முகத்தைப் பாரும்."

"எடுத்தாச்சு அண்ணை."

"எடுத்தாச்சோ! ஆர் எடுத்தது?"

"நான்தான். மத்தியானம்."

ஸ்டேஷன் மாஸ்டர் நானாவைப் பார்த்தார். நானா முதலாளியைப் பார்த்தார். முதலாளிக்குத் தமிழ் அரைகுறை. அவர் வாங்கின் காலைப் பார்த்தார்.

"எங்கை எடுத்தனீர்?"

"பின்னாலை. கறிவேப்பிலை மரத்தடியிலை."

கடற்கரைப் பக்கமாக ஒரு ரயில் போய் முடியும்வரை அப்படியே இருந்தார்கள்.

"தம்பி," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர், ஒவ்வொரு எழுத்தாக. "உம்மட வீட்டிலை ஆர் செத்தது?"

"கோழி."

அவர் எழும்பினார். குடை முழங்காலிலிருந்து உருண்டு விழுந்தது. "கோழியோ? ஞாயிற்றுக்கிழமை கோட்டும் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடி, இப்ப அங்கை மாஸ்டரா இருக்கிற அந்தப் பெடியனிட்டைக் கெஞ்சி, 'எங்கட ஆளின்ரை பெண்சாதி தவறிப்போச்சு, ஒரு சீற்றுத் தா' எண்டு கேட்டு வந்திருக்கிறன்! கோழியோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே அண்ணை."

"நீர் சொல்லேல்லை. முழுகினீர்! நடு மத்தியானத்திலை, உடுத்த வேட்டியோடை, வாளி வாளியாத் தலையிலை வாத்துக்கொண்டு நிண்டீர்! தூரத்திலை செத்தவீடு எண்டு கேள்விப்பட்டால்தானே எங்கட சனம் அப்பிடி முழுகும்? நேற்றுப் பின்னேரம் தந்திக்காரன் உம்மட படலையிலை நிண்டவன். இண்டைக்குக் குசினியிலை புகை இல்லை. இதுக்கு மேலை ஒரு மனிசன் வேறை என்னத்தை நினைக்கிறது?"

"தந்திக்காரன் அடுத்த ஒழுங்கைக்கு வழி கேட்டவன் அண்ணை."

முதலாளி நானாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, என்னவென்று கேட்டார். "மொகத? மொகத?" நானா அவர் காதில் சொன்னார். "கிகிளியத?" என்று முதலாளி கேட்ட விதத்தில், கோழியா என்று கேட்கிறார் என்பது யாருக்கும் விளங்கும். என்னைப் பார்த்தார். பிறகு, மரியாதை விட்டுப்போகாமல், "ஹொந்த கிகிளி" என்றார். நல்ல கோழி என்கிறார். வாங்கில் உட்கார்ந்தபடியே அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. நானா வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"மனிசி பிள்ளையள் சுகமோ?"

"சுகம் அண்ணை. புதன்கிழமை கடிதம் வந்தது."

"முருகா," என்று கதிரையில் விழுந்தார். அதன் பிறகு அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இந்த அறுபத்தைஞ்சு வயசிலை, கோழிக்கு முழுகின மனிசனை இண்டைக்குத்தான் பாக்கிறன். எட்டுச்செலவுச் சடங்கு எப்ப தம்பி? சொல்லும், கோட்டைத் தோய்ச்சு வைக்கிறன்."

நானும் சிரிக்க முயன்றேன். அந்த நேரத்தில் சிரித்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. அவர் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, "தனிய இருந்தால் மனிசருக்கு மூளை இப்பிடித்தான் போகும். மனிசியைக் கூப்பிடும்," என்றார். அதைத் திட்டாகச் சொன்னாரா, அக்கறையாகச் சொன்னாரா தெரியாது. காலையில் கோழியைக் கண்டபோதுகூட இல்லாத ஒரு வெறுமை எனக்கு அப்போது வந்தது. அந்தக் கால் மணி நேரம் அவர்கள் உட்கார்ந்திருந்தது எனக்காக அல்ல. என் துக்கத்துக்கு வந்தவர்கள் என்று நான் நினைத்தவர்கள், வேறொரு துக்கத்துக்கு வந்த ஆட்கள்.

அப்போதுதான் எங்கள் படலையடியிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"அல்லாஹ்! எங்கட கோழியா?"

எல்லோரும் திரும்பினோம். நானாவின் மனைவி, முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் ஒரு மண்சட்டியோடு நின்றார். அங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்று யாருக்கும் தெரியாது.

"ஏய், மெதுவா," என்றார் நானா.

"காலையில நாங்க போகக்குள்ளயும் மதில்மேல நிண்டிச்சே! நான் பாண் துண்டு போட்டுட்டுத் தானே போனேன்! என்ன நடந்திச்சு? அவருட்ட கேளுங்க, என்ன நடந்திச்சு?"

நானா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்து, அவருடைய மனைவிக்குப் பதில் சொன்னேன். காயமில்லை, நுரையில்லை, வீக்கமில்லை என்று கண்டதையெல்லாம் சொன்னேன். காலையிலிருந்து சொல்ல ஆளில்லாமல் வைத்திருந்தது முழுவதையும் சொன்னேன். அவர் இடையில் நிறுத்தவில்லை. "தீன்பை?" என்று ஒருமுறை கேட்டார். "இறுகேல்லை," என்றேன்.

"செல்லுங்க அவருக்கு," என்று எனக்குச் சொல்லும்படி கணவனிடம் சொன்னார். "அவர் ஒஃபிஸ் போனா அது எங்கட பக்கம் வந்திடும். பகலெல்லாம் எங்கட குசினி வாசல்லதான் ஈக்கும். புள்ளைகள் தூங்கினா நான் அதோடதான் பேசிக்கிட்டு ஈப்பேன். அஞ்சு மணி ரயில் சத்தம் கேட்டாப் போதும், ஒடனே மதில் பாய்ஞ்சிடும். நில்லு எண்டாலும் நிக்காது."

இதை நான் அறிந்திருக்கவில்லை. பகல் முழுவதும் கோழி வெறும் வீட்டில் தனியாக என் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி நினைப்பதில் எனக்கு ஒரு பிடிமானம் இருந்திருக்கிறது; அது கழன்றபோதுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், கேட்டவுடன் எனக்கு ஆறுதல் வரவில்லை. கொஞ்சம் கோபந்தான் வந்தது. அந்தக் கை முட்டையை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தது என்று எண்ணியிருந்தேனே! பிறகு, அந்த முக்காட்டுக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் குடையை எடுத்தார். போகும்போது என் கையிலிருந்த துண்டை மெல்ல வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். முதலாளி வாங்கைத் தலையில் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனார். படலைக்கு வெளியே போனபின் இரண்டு பேரும் மறுபடியும் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நானென்றாலும் சிரித்திருப்பேன்.

நானா சட்டியை மனைவியிடமிருந்து வாங்கினார். கொடுப்பதா கொண்டுபோவதா என்று தெரியாமல் நின்றார்.

"இது ஐயா... மாஸ்டர் சந்தியில வெச்சுச் சென்னார், ஒங்கட வீட்டுல இப்படி எண்டு. செத்த வீட்டுல அடுப்பு மூட்ட மாட்டாங்க தானே. இவ வந்த கையோட ஆக்கிட்டா. மரக்கறிதான். புதுச்சட்டி, கடையில வாங்கினது, எங்கட இறைச்சி மீன் ஒண்டும் படல்ல. சம்பலுக்கும் மாசிக் கருவாடு போடல்ல. ஆனா இப்ப... செத்த வீடு இல்லயே. ஒங்களுக்கு வேணுமோ என்னமோ."

"செத்த வீடு தானே," என்றார் மனைவி. "குடுங்க."

அவர் கொடுத்தார். நான் வாங்கினேன்.

அதுவரை நான் வேறு வீட்டு அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டதில்லை. கந்தோருக்கும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவேன். மனைவி போனபின் நானே சமைத்துக் கட்டிக்கொண்டு போனேன். இது நான் யோசித்து எடுத்த முடிவு அல்ல. எங்கள் வீடுகளில் அப்படித்தான். அன்று, கறுப்புக் கடதாசி ஒட்டிய ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு, மூடுபோட்ட விளக்கின் கீழே உட்கார்ந்து, அந்தச் சட்டியைத் திறந்தேன். கூப்பன் அரிசிச் சோறு, பருப்பு, பால்விட்ட கத்தரிக்காய். ஒரு ஓரத்தில் வாழையிலைத் துண்டில் சம்பல். மாசி போடாத சம்பல் எப்படி இருக்குமென்று அவர்களுக்குத் தெரிந்திராது. உறைப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு அதைச் சரிக்கட்டப் பார்த்திருந்தார்கள். காலைத் தேநீருக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை என்பது முதல் வாயில்தான் தெரிந்தது. சட்டியில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

சாப்பிட்டபின் கதிரையில் உட்கார்ந்து பத்திரிகையை எடுத்தேன். முதல் வரியைச் சத்தமாக வாசித்தேன். என் குரல் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. மீதியை மனதுக்குள் வாசித்தேன். மதிலுக்கு அப்பால் பிள்ளைகளுக்கு நானாவின் மனைவி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவன் அழத் தொடங்கினான். கோழியைப்பற்றித்தான் சொல்லியிருப்பார். அந்த அழுகை அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, விளக்கைத் தணித்தேன்.

மறுநாள், திங்கட்கிழமை காலை, எழுந்தவுடன் முதலில் அந்தச் சட்டியைக் கழுவினேன். ஜன்னலைப் பார்க்கவில்லை, அடுப்பும் மூட்டவில்லை. கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவித் துணியால் துடைத்தேன். எங்கள் பக்கத்தில், ஒரு வீட்டிலிருந்து பாத்திரம் வந்தால் அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றுமில்லாவிட்டாலும் ஒரு பிடி சீனி போட்டுக் கொடுப்பார்கள். செத்த வீட்டுக்குச் சோறு வந்த பாத்திரத்தில் மட்டும் எதுவும் போடக்கூடாது. இதெல்லாம் மனைவி பார்த்துக்கொண்ட காரியம். நான் அதுவரை யாருக்கும் பாத்திரம் திருப்பிக் கொடுத்ததில்லை. சீனிப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்தேன். பிறகு மூடியைத் திருகி, போத்தலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒழுங்கையால் சுற்றிப் போய், அவர்கள் வீட்டு முன்கதவைத் தட்டி, சட்டியை வெறுமையாகக் கொடுத்தேன்.